சாஃப்தா என்றொரு பெயர்

பழைய புத்தகக் கடையில் எடைக்குப் போட்டிருந்த குவியலில் ரொமானிய ஓவியத் தொகுப்பு ஒன்று கிடைத்தது. அட்டை கிழிந்து போயிருந்தது. ஒரு காலத்தில் சோஷலிச நாடுகளிலிருந்து மலிவு விலையில் நம்மூருக்கு வந்து குவிந்த புத்தகங்களில் ஒன்று. புரட்டிக்கொண்டே வந்தவன் ஒரு பெண்ணின் முகத்தில் நின்றேன். முகம் மட்டும் நிறுத்தவில்லை. கீழே அச்சிட்டிருந்த தலைப்பும் சேர்ந்துதான் நிறுத்தியது. 'சாஃப்தா ஃப்ளோரரியாசா'. பூ விற்கிற சாஃப்தா என்று அர்த்தம். வரைந்தவர் ஸ்டெஃபான் லூக்கியான்.

இதில் நின்று பார்க்க என்ன இருக்கு என்று கேட்பீர்கள். ரொமானிய ஓவியத்தில் மேட்டுக்குடிப் பெண்களின் படங்களைப் பாருங்க. பெயர் இருக்கும், குடும்பப் பெயர் இருக்கும், சிலருக்குக் கணவனுடைய பட்டமும் சேர்ந்திருக்கும். ரோமாப் பெண்ணின் படத்துக்கு வந்தால் 'த்ஸிகாங்கா', அதாவது ஜிப்சிப் பெண். அவ்வளவுதான். நிகோலாயே கிரிகோரெஸ்கு அந்த நாட்டில் பெரிய பெயர். அவர் 1872இல் வரைந்த புகழ்பெற்ற படத்தின் தலைப்பு 'கெர்கானியின் ஜிப்சிப் பெண்'. கெர்கானி அவளுடைய பெயரில்லை. அது இயோன் கீகா என்ற பிரபுவின் பண்ணை இருந்த கிராமம். கீகா எழுத்தாளர், நாட்டின் பிரதமராகவும் இருந்தவர். அந்தப் பெண்ணுக்கு இருந்த பெயர் எங்கே போச்சு? பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பண்ணையின் பெயர் உட்கார்ந்திருக்கிறது. பண்ணையாள் என்று நம்மூரில் சொன்னோமே, அதேதான்.

1872 என்ற வருஷத்தையும் கவனிக்கணும். ரொமானியாவில் கடைசி அடிமைகள் சட்டப்படி விடுதலையானது 1856இல். நடுவில் 16 வருஷம்தான். கிரிகோரெஸ்குவின் முன் நின்ற அந்த இளம்பெண்ணைப் பெற்றவள் யாருடைய சொத்தாக இருந்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் படத்தின் அழகைப் பற்றிப் பேச வேண்டும்.

ஐரோப்பாவில் அடிமை முறையா என்று நம்ம தோழர்களே சிலர் கேட்கிறார்கள். அடிமை என்றால் அமெரிக்கா, பருத்திக் காடு, கறுப்பர் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இன்றைய ரொமானியாவின் பெரும்பகுதி அன்று வலாக்கியா, மோல்டாவியா என்று இரண்டு சிற்றரசுகளாக இருந்தது. அங்கே ரோமா மக்கள் அடிமைகளாக இருந்ததற்குக் கிடைக்கிற பழைய ஆவணம் 1385ஆம் ஆண்டுடையது. வலாக்கிய மன்னன் ஒருவன் டிஸ்மானா மடத்துக்கு 40 ரோமாக் குடும்பங்களைத் தானமாக உறுதி செய்கிறான். நம்ம கோயில் கல்வெட்டுகளில் நிலத்தோடும் மாட்டோடும் ஆட்களையும் சேர்த்து எழுதி வைத்ததைப் படித்தவர்களுக்கு இந்த வாசகம் புதிதாக இருக்காது. 1385இலிருந்து 1856 வரை 471 ஆண்டுகள்.

அடிமைகளை உடைமையாளரை வைத்து மூன்றாகப் பிரித்தார்கள். அரசின் அடிமைகள், மடத்து அடிமைகள், பொயார்களின் அடிமைகள். (பொயார் என்றால் அங்கே பெருநிலப் பிரபு. கல்லுடைக்கிற நம்ம போயர் மக்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கொல்லன், தச்சன், சமையற்காரி, தங்கத் துகள் அரிப்பவன், கரடி ஆட்டுகிறவன், மரக்கரண்டி செய்கிறவன், இசைக்காரன் என்று தொழிலுக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு கூட்டம். பிறப்பாலேயே அடிமை. அடிமைத் தாய்க்குப் பிறந்தது அடிமை. அப்பன் பொயாராகவே இருந்தாலும் பிள்ளை அடிமைதான். இந்தச் சட்டம் எதற்கு வசதியாக இருந்தது என்று விளக்கி எழுத வேண்டியதில்லை. பண்ணை வீடுகளின் கதை தெரிந்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள்.

மிஹாயில் கொகல்னிச்சானு என்ற பொயார் குடும்பத்து இளைஞர் 1837இல் பெர்லினில் இந்த மக்களைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். இளவயதில் யாஷ் நகரத்துத் தெருக்களில் கையிலும் காலிலும் விலங்கு பூட்டிய மனிதர்களையும் கழுத்தில் இரும்பு வளையம் மாட்டியவர்களையும் கண்டதாக அவர் எழுதி வைத்திருக்கிறார். பின்னால் விடுதலைக்காக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். ஆதிக்கக் குடும்பத்திலிருந்து வந்த சாட்சியம் என்பதால் அதை யாரும் பொய் என்று தள்ளிவிட முடியவில்லை. அடிமைகளே எழுதி வைத்திருந்தால் ஆதாரம் எங்கே என்று கேட்டிருப்பார்கள்.

விடுதலை ஒரே நாளில் வரவில்லை. வலாக்கியாவில் அரசின் அடிமைகளுக்கு 1843இல் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரத்தை விலக்கியதும் அதே 1843இல்தான். பறையர், பள்ளர் பண்ணையடிமைகளின் வாழ்க்கை அந்தக் காகிதத்தால் எவ்வளவு மாறியது என்பது நமக்குத் தெரியும். மடத்து அடிமைகளுக்கு மோல்டாவியாவில் 1844, வலாக்கியாவில் 1847. கடைசியாகத்தான் பொயார்கள் கைவிட்டார்கள். மோல்டாவியாவில் 1855 டிசம்பர், வலாக்கியாவில் 1856 பிப்ரவரி. அதுவும் சும்மா இல்லை. தலைக்கு இத்தனை பொற்காசு என்று நஷ்டஈடு. வலாக்கியாவில் 10, மோல்டாவியாவில் சிலருக்கு 8, சிலருக்கு 4. யாருக்கு நஷ்டஈடு? வைத்திருந்தவனுக்கு. நூற்றாண்டுக் கணக்கில் உழைத்தவன் கையில் ஒரு செப்புக்காசு விழவில்லை. சுமார் இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள். பெரும்பாலோருக்குக் காலடியில் நிலம் இல்லை.

நிலமில்லாதவன் என்ன செய்வான்? நிலமும் முதலும் கேட்காத வேலையைத் தேடுவான். நகரத்தின் ஓரத்தில் குடிசை போட்டான். ஈயம் பூசினான், செங்கல் அறுத்தான், கல்யாண வீட்டில் வாசித்தான். பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு பூ விற்க வந்தார்கள். புக்கரெஸ்ட் நகரத்துத் தெருக்களின் பூக்காரிகள் பெரும்பாலும் ரோமாப் பெண்கள். நகரத்துக்கு அழகு சேர்ப்பவர்கள் என்று இவர்களை அஞ்சலட்டையில் அச்சடித்து விற்றார்கள். அந்த அட்டைகளிலும் பெயர் கிடையாது. பூக்காரிகளின் வரிசையிலிருந்துதான் சாஃப்தா லூக்கியானின் முன்னால் வந்து நிற்கிறார்.

லூக்கியானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். 1868இல் மோல்டாவியாவின் ஸ்டெஃபனெஷ்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. புக்கரெஸ்டிலும் மியூனிக்கிலும் பாரிசிலும் படித்தார். 1896இல் அரசு நடத்திய அதிகாரபூர்வக் கண்காட்சிக்கு எதிராக நண்பர்களோடு சேர்ந்து சுயேச்சை ஓவியர்களின் கண்காட்சியை நடத்தினார். ரொமானியாவில் நவீன ஓவியம் இவரிடமிருந்து தொடங்குகிறது என்று பலர் எழுதுகிறார்கள். உள்ளதை அப்படியே நகலெடுக்கிற அக்கறை குறைந்து, நிறம் தானே பேச வேண்டும் என்கிற அக்கறை வந்த காலம் அது. கையிலிருந்த குடும்பச் சொத்து கரைந்தது. 1900ஐ ஒட்டி நரம்புகளைத் தின்னும் நோய் பிடித்தது. கால் போனது. பிறகு கையும் போகத் தொடங்கியது. கடைசி வருஷங்களில் தூரிகையைக் கையில் கட்டிக்கொண்டு வரைந்தார். 1916இல் 48 வயதில் செத்துப்போனார்.

அவருடைய பெயரைச் சொன்னாலே ரொமானியர்களுக்குப் பூக்கள்தான் ஞாபகம் வரும். ஜாடியில் வைத்த அனிமோன் பூக்கள். நடக்க முடியாமல் அறையோடு கிடந்த ஒருவரிடம் பூ நடந்தா வரும்? யாரோ பறித்து, யாரோ கட்டி, யாரோ சுமந்து வர வேண்டும். ஓவியங்களில் ஜாடி வரைக்கும்தான் தெரிகிறது. ஜாடிக்கு முந்தைய கைகள் தெரிவதில்லை. அந்தக் கைக்குரிய முகம் என்று எனக்குத் தோன்றுவதால்தான் சாஃப்தாவின் படத்தை அந்தப் பூக்களிலிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை. கலை விமர்சகர்கள் இதை ஏற்கணும் என்று இல்லை.

இன்னொரு விஷயம். லூக்கியானின் தலைப்புகளை வரிசையாக வைத்துப் பாருங்க. 'கோப்சா வாசிக்கும் நிகோலாயே தாத்தா'. கோப்சா ஒரு நரம்பு வாத்தியம், அதை வாசித்தவர்களிலும் ரோமாக்களே அதிகம். 'இலக்கியக்காரன் அலேகு'. 'பூக்காரி சாஃப்தா'. பெயரும் தொழிலும். இனம் இல்லை, பண்ணை இல்லை. தன்னையே வரைந்துகொண்ட 1907ஆம் ஆண்டுப் படத்துக்கு அவர் என்ன தலைப்பு வைத்தார் தெரியுமா? 'உன் ஸுக்ராவ்'. சுவருக்கு வர்ணம் அடிக்கிறவன் ஒருவன் என்று சொல்லலாம். தேவாலயச் சுவரில் படம் எழுதுகிறவனையும், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவனையும் குறிக்கிற சொல் அது. மற்றவர்களுக்குப் பெயரும் தொழிலும் கொடுத்தவர் தனக்குப் பெயரை எடுத்துவிட்டுத் தொழிலை மட்டும் வைத்துக்கொண்டார்.

இதை வைத்து அவரை நம்ம தோழராக்க வேண்டியதில்லை. அவர் அதிகாரியின் மகன். பசித்த விவசாயிகள் மக்காச்சோளப் பங்கீட்டுக்குக் காத்து நிற்பதை 1905இல் வரைந்தார். இரண்டு வருஷம் கழித்து 1907இல் அந்த நாட்டு விவசாயிகள் எழுந்தபோது ராணுவம் ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளியது. கண் திறந்திருந்த ஆள் என்று சொல்லலாம். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். நல்லெண்ணம் உள்ளவர்களுக்கும் பெயர் கேட்கத் தோன்றாது என்பதற்கு அவருக்குப் பின் வந்தவர்களே சாட்சி. இயோசிஃப் இசெர் யூதர். சோஷலிசப் பத்திரிகைகளில் கேலிச்சித்திரம் போட்டவர். அவருடைய சமூகத்துக்கே முழுக் குடியுரிமையை அரசியல் சட்டம் உறுதி செய்தது 1923இல்தான். அவர் டோப்ருஜா பகுதித் தாத்தாரியப் பெண்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அழுத்தமான கோடு, கனமான உடம்பு, சோர்ந்த கண். நல்ல ஓவியங்கள். தலைப்பு மட்டும் 'தாத்தாரியப் பெண்', 'தாத்தாரியப் பெண்கள்'.

ஒரு சங்கடத்தையும் மறைக்கக் கூடாது. அடிமைகளின் பெயர் எங்குமே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். மடங்களின் சொத்துப் பட்டியல்களில் குடும்பத் தலைவர்களின் பெயர்கள் இருக்கின்றன. மாட்டுக்கு அடையாளம் எழுதுகிற மாதிரி எழுதி வைத்தார்கள். எண்ணுவதற்குப் பெயர் வேண்டும், மதிப்பதற்கு வேண்டாம்.

சாஃப்தா என்பது எலிசபெத் என்ற பெயர் ரொமானிய வாயில் தேய்ந்து வந்த வடிவம். ஏழைகள் மட்டும் வைத்த பெயரில்லை. புக்கரெஸ்டில் 1830களில் பெரிய மருத்துவமனை ஒன்றை நிறுவிய பிரபுக் குடும்பத்துப் பெண்மணியின் பெயரும் சாஃப்தாதான். சாஃப்தா பிரின்கோவியானு. அவருடைய குடும்பப் பெயரே மருத்துவமனைக்கும் பெயரானது. ஒரே நகரம், ஒரே பெயர். ஒருத்தருக்குப் பின்னால் வம்சத்தின் பெயர். இன்னொருத்தருக்குப் பின்னால் பூ. அந்த மருத்துவமனையை 1984இல் சௌஷெஸ்கு இடித்துவிட்டார். பூக்காரி சாஃப்தா படத்தில் இருக்கிறார்.

இனி அந்த 'த்ஸிகான்' என்ற சொல்லுக்கு வருவோம். நமக்கும் அதற்கும் ஒரு உறவு உண்டு. மொழி ஆய்வாளர்கள் பெரும்பாலோர் ஏற்கிற விளக்கப்படி அது 'அதிங்கனோய்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பைசாந்தியத்தில் இருந்த ஒரு கிறிஸ்தவப் பிரிவினருக்கு வைத்த பெயர். பிறரைத் தொட மாட்டார்கள் என்பதால் தீண்டாதவர் என்று பொருள். எப்படியோ அந்தப் பெயர் கிழக்கிலிருந்து வந்த ரோமாக்களின் தலையில் விழுந்தது. தொட மறுத்தவர்களின் பெயர் தொடப்படாதவர்களுக்கு வந்து சேர்ந்தது. ரொமானிய மண்ணில் அந்தச் சொல்லும் அடிமை என்ற சொல்லும் ஒன்றுக்கொன்று மாற்றாகவே புழங்கின. அதைத்தான் ஓவியத்தின் கீழே பித்தளைத் தகட்டில் தலைப்பாகப் பொறித்து மாட்டினார்கள்.

ரோமா மொழி நம் நாட்டின் வடக்கே பேசும் மொழிகளின் உறவு. தண்ணீருக்குப் பானி, மூக்குக்கு நாக், காதுக்குக் கான். மனிதனுக்கு மனுஷ். நமக்கே புரிகிறது இல்லியா? 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மானிய அறிஞர்கள் இந்த உறவைக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் க்ரெல்மான் என்பவர் 1783இல் எழுதிய நூலில் இவர்கள் இந்தியாவின் கடைசிச் சாதியிலிருந்து வந்தவர்கள் என்று சொன்னார். எதற்காகச் சொன்னார்? திருட்டும் அழுக்கும் இவர்களோடு கூடப் பிறந்தவை என்ற வாதத்துக்கு முட்டுக்கொடுக்க. நம் மீது ஐரோப்பியப் பயணிகள் எழுதி வைத்த வசவுகளை அப்படியே தூக்கி ரோமாக்கள் மேல் வைத்தார். கடல் கடந்து போன சரக்குகளில் மிளகு மட்டும் இல்லை, சாதி இழிவும் உண்டு.

'ரோம்' என்ற சொல்லே 'டோம்' என்பதன் திரிபு என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. காசியில் பிணம் எரிக்கிற டோம் மக்கள் இன்றும் பட்டியல் சாதியில் இருக்கிறார்கள். சொல் ஒன்றாக இருப்பதால் ரத்தமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆயிரம் வருஷம் நடந்த ஜனங்கள், வழியில் எத்தனையோ பேர் கலந்திருப்பார்கள். ஆனால் நம்மூர்ப் பெரியவர்கள் சிலர் ரோமாக்களை உறவு கொண்டாடும்போது மட்டும் அவர்கள் ராஜபுத்திர வீரர்களின் வாரிசு என்கிறார்கள். 1976இலும் 1983இலும் சண்டிகரில் ரோமாக்களுக்குப் பெரிய விழாக்களே நடந்தன. டோம் என்றால் சுடுகாடு, ராஜபுத்திரன் என்றால் வாள். எதைச் சொன்னால் மேடையில் மாலை விழும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன?

சாஃப்தாவின் பேரப்பிள்ளைகளின் தலைமுறைக்கு வந்தது 1942. மார்ஷல் அந்தொனெஸ்குவின் ஆட்சி சுமார் 25,000 ரோமாக்களை ட்ரான்ஸ்னிஸ்ட்ரியாவுக்கு நாடு கடத்தியது. கோடையில் நாடோடிகள், செப்டம்பரில் வீடு வாசலோடு இருந்தவர்கள். பூக் நதிக்கரையில் பசியிலும் குளிரிலும் டைபஸ் காய்ச்சலிலும் சுமார் 11,000 பேர் செத்தார்கள். இதை அந்த நாட்டு அரசே அமைத்த ஆணையம் முழுமையாகப் பதிவு செய்தது 2004இல். அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிருக்கு.

1971இல் லண்டனுக்குப் பக்கத்தில் முதல் உலக ரோமா மாநாடு கூடியது. பிறர் வைத்த பெயர்களைத் தள்ளி ரோமா என்ற தங்கள் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். கொடியில் ஒரு சக்கரம் வைத்தார்கள். அடுத்த வருஷம், 1972இல், மும்பையில் தலித் பாந்தர் பிறந்தது. இரண்டு இடத்திலும் முதல் வேலை பெயரை மாற்றுவதாகத்தான் இருந்தது. ரொமானியாவின் வெளியுறவு அமைச்சகத்துக்கு இது பொறுக்கவில்லை. ரோமா, ரொமானியா என்று உலகம் குழம்பிவிடுமாம். 1995இல் 'த்ஸிகான்' என்றே எழுத வேண்டும் என்று குறிப்பு அனுப்பியது. 2000இல்தான் அது விலகியது. 2010இல் திரும்ப ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. 2007இல் அந்த நாட்டின் அதிபர் தன்னைக் கேள்வி கேட்ட ஒரு பெண் பத்திரிகையாளரை நாற்றமடிக்கிற 'த்ஸிகாங்கா' என்று சொன்னது ஒலிப்பதிவில் சிக்கி வெளியே வந்தது. அந்தப் பத்திரிகையாளர் ரோமாகூட இல்லை. கிரிகோரெஸ்குவின் படத் தலைப்பில் இருக்கிற அதே சொல்தான் இது.

எங்க பாட்டியைப் பண்ணை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'ஏ இவளே', இல்லாவிட்டால் இன்னாருடைய பெண்டாட்டி. ரேஷன் அட்டைக்குப் பெயர் எழுதியவர் பாட்டி சொன்ன பெயரைப் பாதியாகச் சுருக்கினார். உங்களுக்கெல்லாம் இவ்வளவு நீளப் பெயரா என்று சிரித்தாராம். பாட்டி சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டியின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை.

2022இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் போலந்தின் அரங்கு முழுவதையும் மவ்கோர்ஜாதா மிர்கா-தாஸ் என்ற ரோமாப் பெண் கலைஞர் நிறைத்தார். ஒரு நாட்டின் அரங்கில் ரோமா ஒருவர் தனியாக இடம்பெற்றது அதுவே முதல் முறை. தன் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தவர்கள் உடுத்திய துணிகளை வெட்டித் தைத்தே அந்தப் பெண்களின் உருவங்களைச் செய்திருந்தார். வரைகிறவரும் வரையப்படுகிறவரும் ஒரே குடியிருப்புக்காரர்களாக இருந்தால் தலைப்புக்கு யோசிக்க வேண்டியதில்லை. தெரிந்தவர்களுக்குப் பெயர் தெரியும்.

என் புத்தகத்தில் இருக்கும் படத்துக்குத் திரும்புகிறேன். தமிழில் தலைப்பு எழுதி வைக்கலாம் என்று பேனாவை எடுத்தபோதுதான் சிக்கல் வந்தது. ரொமானியத் தலைப்பு கேட்காத ஒரு கேள்வியைத் தமிழ் கேட்கிறது. பூக்காரியா, பூக்காரம்மாவா? அவளா, அவரா? 'பூக்காரி' என்று இந்தக் கட்டுரையிலேயே சில இடங்களில் எழுதிவிட்டேன், பழக்க தோஷம். தெருவில் கூவிப் போகிறவளை அப்படித்தானே சொல்லிப் பழகியிருக்கிறோம். படத்துக்குக் கீழே பென்சிலால் எழுதினேன்: பூக்காரம்மா சாஃப்தா, புக்கரெஸ்ட்.